டொலமைட்தான் மலிவு என்று சொன்னவள்

உரக்கடையில் விற்பதெல்லாம் மூட்டைக்குள் இருக்கும்போது ஒரே வெள்ளைதான். எது எதுவென்று மூன்று மாதம் கழித்து, வாங்கிப் போனவருடைய முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

துணிக்கடை, மருந்துக்கடை, தபால் கந்தோர் என்று எங்கேயாவது ஒரு மேசைக்குப் பின்னால் நின்று, தெரிந்த பதிலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், நாம் ஒரே கூட்டம். நான் இரசாயனவியலில் பட்டம் எடுத்தவள். அரசாங்க நியமனம் வரும்வரை என்று சொல்லிக்கொண்டு அக்கரப்பத்தனைப் பக்கத்துச் சின்ன பஜாரில் ஓர் உரக்கடையில் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. முதலாளி கல்லாவில் இருப்பார். ராசையா அண்ணன் மூட்டை தூக்குவார். பில் எழுதுவதும், யாராவது விளக்கம் கேட்டால் சொல்வதும் என் வேலை. பில் எழுதுவது எனக்கு நன்றாக வரும்.

எங்கள் கடையில் மக்னீசியம் மூன்று வேடத்தில் கிடைக்கும். எப்சம் உப்பு, கீசரைட், டொலமைட். முதலாவதாலும் கடைசியாலும் நான் தலைகுனிந்திருக்கிறேன். டொலமைட்டால்தான் அதிகம்.

எது மலிவு?

பார்வதி அக்கா ஒரு பொலித்தீன் பைக்குள் நாலு போஞ்சி இலையைப் பத்திரமாகக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். இருபத்திரண்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். தோட்ட வேலையை விட்டு, பேரை வெட்டிக்கொண்டு, கிடைத்த சேவைக்காலக் காசைப் போட்டு, தொழிலாளர் லயத்துக்குக் கீழே சரிவில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். முதல் போகம் போஞ்சி, பாதி காய்க்கவே இல்லை. "இந்த வாட்டியும் சறுக்குனா மறுபடி பேர் பதிஞ்சு மலைக்குத்தான் ஏறணும் தங்கச்சி. அந்தக் கங்காணி மொகத்துல இனிமே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவ நான்" என்றார்.

இலையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. பாடப் புத்தகத்தில் இருந்த படமேதான். நரம்பெல்லாம் பச்சை, நரம்புக்கு இடையில் மஞ்சள், அதுவும் அடி இலையில். இலையின் பச்சைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது மக்னீசியம். மண்ணில் அது குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து பிடுங்கிப் புது இலைக்குக் கொடுக்கும். அக்கா கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு எது மலிவு?" பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எப்சம் உப்பில் பாதிக்கு மேல் தண்ணீர். கீசரைட்டில் மக்னீசியம் கூட, ஆனால் கப்பலில் வருவது, விலையும் கூட. டொலமைட் நம் நாட்டிலேயே உடைத்து மாவாக்குகிற கல். ஒரு ரூபாய்க்கு எவ்வளவு மக்னீசியம் என்று பார்த்தால் மற்ற இரண்டும் அதன் பக்கத்திலேயே வர முடியாது. டொலமைட் என்றேன். அடுத்த போகம் என்ன நடப் போகிறார் என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை.

டொலமைட் என்றதும் அக்காவின் முகம் மலர்ந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மண்ணின் புளிப்பைக் குறைக்க அதைத்தான் வீசுவார்கள்; எத்தனையோ வருடம் அவரும் வாளி வாளியாக வீசியிருக்கிறார். எவ்வளவு போட வேண்டும் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ராசையா அண்ணன் பக்கம் திரும்பிவிட்டார். "கவ்வாத்து மலையில நாங்க போடாத டொலமைட்டா? படிச்ச புள்ளையே சொல்லிருச்சு, மூட்டைய ஏத்துங்கண்ணே."

பாதி தண்ணீர்

அந்த வெற்றி தலைக்கு ஏறியதோ என்னவோ, அடுத்த வாரமே எப்சம் உப்பைப் பற்றியும் வாயைத் திறந்தேன். லீக்ஸ் போடுகிற ஒருவர் ஐந்து கிலோ கேட்டார். நிறுத்துக்கொண்டே, "அண்ணே, இதுல பாதிக்கு மேல தண்ணிதான்" என்றேன். அதன் படிகத்துக்குள் ஒரு மக்னீசியம் சல்பேட் மூலக்கூறோடு ஏழு தண்ணீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் எடுத்தால் காய்ந்த உப்புத்தான், நிறையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதனால்தான் சீக்கிரம் கரைகிறது, இலைக்கு அடிக்க அதுவே நல்லது என்பதை இரண்டாவதாகச் சொல்ல வைத்திருந்தேன். அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் உப்பை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்தார். பின்னேரத்துக்குள் எங்கள் கடையில் உப்பில் தண்ணீர் கலக்கிறார்கள் என்ற செய்தி பஸ் நிற்கிற இடம்வரை போய்விட்டது. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த அண்ணன் பையைத் திருப்பி வைத்துவிட்டுப் போகும்போது சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "தண்ணி எங்க பீலியில சும்மா ஊத்துது தங்கச்சி. அத எதுக்கு நான் ஒங்ககிட்ட கிலோக் கணக்குல வாங்கணும்?"

பெரியப்பாவின் வயிறு

எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருக்கும் பெரியப்பா ஒருவர், கடை நிறைய ஆள் இருந்த ஒரு சனிக்கிழமை வந்து, "எனக்கு நூறு கிராம் எப்சம் உப்பு" என்றார். தோட்டம் எதுவும் இல்லாதவர். எதற்கு என்று கேட்டேன். அந்த ஒரு நாள்தான் கேள்வி கேட்கும் தைரியம் எனக்கு வந்தது. அவர் தம் வயிற்றின் நிலவரத்தை, எத்தனை நாளாக என்பது உட்பட, கடைக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தராசைப் பார்த்தேன்.

ஒரே பொருள்தான் பெரியப்பா, ஆனால் பார்மசியில் இருப்பது சுத்தம் பண்ணினது, இங்கே இருப்பது செடிக்கு என்று மெதுவாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வாங்குங்கள் என்றும் சொன்னேன். நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "மரக்கறிக்கு நல்லதுன்னா எனக்கு மட்டும் எப்பிடி கெட்டது? நான் திங்கிறதே மரக்கறிதானே."

முதுகுக்குப் பின்னால்

அதே கூட்டத்தில் பார்வதி அக்காவும் நின்றிருந்தார். பெரியப்பா போனதும் முன்னால் வந்து பூஞ்சண மருந்து ஒரு பைக்கெட் கேட்டார். "எந்தப் பயிருக்கு அக்கா?" என்று பில்லில் எழுதுவதற்காகக் கேட்டேன். "கெழங்குக்குத்தான். வெத கெழங்கு நட்டு ஒரு மாசம் ஆகுது. டொலமைட்ட நல்லா வெள்ளையா வீசிட்டுத்தான் நட்டேன், பயப்படாத" என்றார். நான் பயப்படவில்லை. உருளைக்கிழங்கானால் என்ன, எதுவானால் என்ன என்றுதான் நினைத்தேன்.

அவர் போனபின், பில் புத்தகத்தை ஆணியில் மாட்டத் திரும்பியபோது, என் கதிரைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தேன். விவசாய உத்தியோகத்தர் எப்போதோ ஒட்டிவிட்டுப் போனது. இரண்டு வருடமாக என் முதுகு அதில் சாய்ந்திருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் உருளைக்கிழங்கு பற்றி எழுதியிருந்தது. கிழங்கு நடும் மண்ணில் சுண்ணாம்போ டொலமைட்டோ போட வேண்டாம். மண்ணின் புளிப்புக் குறைந்தால் தோலில் சொறி நோய் வரும். கிழங்கு பிடிக்கிற வாரங்களில் மண் காயாமல் தண்ணீர் விட்டால் ஓரளவு தப்பலாம்.

மூன்று தரம் வாசித்தேன். டொலமைட் மண்ணின் புளிப்பைக் குறைக்கும் என்பதை நான் பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன், சமன்பாட்டோடு. மக்னீசியத்தை மட்டும் எண்ணிவிட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு போகிற காபனேற்றை மறந்திருக்கிறேன். கிழங்கு பிடிக்கிற வாரங்கள் இனிமேல்தான். அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். ராசையா அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். தாளைக் காட்டினேன். வாசித்துவிட்டு மூட்டையில் உட்கார்ந்தார். "போய்ச் சொல்லிரு தங்கச்சி. நாளாக நாளாக ஒனக்கு வாய் இன்னும் ஒட்டிக்கும்."

ஒரு கோப்பை தேநீர்

போனேன். ஆனால் உடனே போகவில்லை. எட்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாசி மாதம், காலையில் பனி, பகலெல்லாம் காய்கிற வெயில். வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன்: "அக்கா, நான் பிழையாகச் சொல்லிட்டேன்." மூன்று சொல்தான் முக்கியம்.

அக்காவின் நிலத்தைப் பார்த்ததும் அது மறந்துபோனது. செடிகள் கரும்பச்சையாக நின்றன, ஒரு மஞ்சள் இலை இல்லை. அக்கா வரப்போரமாக என் கையைப் பிடித்து அழைத்துப்போய், "பாத்தியா ஒன் மருந்த" என்றார். மேலே போகிற பெண்களைக் கூப்பிட்டு, கணக்குப் போட்டுச் சொன்ன புள்ள இதுதான் என்று காட்டினார். சாக்கை விரித்து உட்காரவைத்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, சீனி இல்லாததற்கு வருத்தப்பட்டு ஒரு துண்டு வெல்லச் சக்கரையும் கொடுத்தார். இனி மலைக்கு ஏற வேண்டாம், வருகிற வருடம் பக்கத்துத் துண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்று பேசிக்கொண்டே போனார். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "தண்ணி கொஞ்சம் நல்லா விடுங்கக்கா." ஏன் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாத ஆலோசனையை யார் கேட்பார்கள்? "ரொம்ப ஊத்துனா கெழங்கு அழுகிரும் தங்கச்சி, எனக்குத் தெரியாதா. நீ டீயக் குடி, ஆறிப் போகுது."

டாங்கி

அந்த வாரங்களில் எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை என்று சொல்வது சாக்குத்தான். அதற்கு முன்னாலும் இப்படித்தான் இருந்தேன். நுவரெலியா றோட்டுப் பக்கமிருந்து வரும் சிங்கள மாத்தயா ஒருவர் எப்சம் உப்பும் கல்சியம் நைத்திரேற்றும் வாங்கினார். இரண்டும் நல்லவைதான், தனித்தனியாக. ஒரே டாங்கியில் கலக்கினால் உப்பின் சல்பேட்டும் நைத்திரேற்றிலிருக்கும் கல்சியமும் சேர்ந்து ஜிப்சமாகக் கீழே படிந்துவிடும். என் சிங்களம் பள்ளிக்கூடச் சிங்களம். "ஒன்றாகக் கலக்காதீர்கள்" என்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவர் வாசலைத் தாண்டிவிட்டார். கூப்பிட்டிருக்கலாம். இருபதடி தூரம்தான்.

மறுநாள் மருந்தடிக்கும் டாங்கியையே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்து கவிழ்த்ததும், அரிசி மாவுக் கூழ் மாதிரி என் பில் புத்தகத்தில் விழுந்தது. நொசில் அடைத்து, குழாய் அடைத்து, ஒரு நாள் வேலையும் போயிருந்தது. முதலாளி புது நொசில் எடுத்துக் கொடுத்தார். மாத்தயாவுக்குத் தமிழும் நன்றாக வரும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நங்கி, நான் கேட்டது செடிக்குப் போடுற பொஹொர. செவத்துக்கு அடிக்கச் சுண்ணாம்பு நான் கேக்கல்ல."

சொறி

கிழங்கு கிண்டிய அன்று பார்வதி அக்கா கடைக்கு வந்தார். ஒரு கிழங்கை மேசையில் வைத்தார். பருமனான கிழங்கு. தோல் முழுக்கத் தேமல் விழுந்து வெடித்தது மாதிரி, தக்கை தக்கையாகச் சொறி. உரித்தால் உள்ளே நன்றாகத்தான் இருக்கும், சமைத்தால் ருசியும் கெடாது. ஆனால் மரக்கறி வாங்க வரும் லொறிக்காரர் உரித்துப் பார்த்து வாங்குவதில்லை. மேல் பாத்தி மூன்றும் இப்படி. மூட்டை முடிந்துபோய் டொலமைட் விழாத கீழ்ப் பாத்தி ஒன்று மட்டும் சுத்தம். லொறிக்காரர் அந்த ஒன்றை நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைப் பன்றிக்குப் போடக் கேட்பவர் மாதிரி ஒரு விலை சொன்னாராம்.

அக்கா என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. விதைக்கிழங்கிலேயே நோய் இருந்திருக்குமோ, எந்த மருந்து அடித்திருக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். முதலாளி இருந்தார், வாங்க வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, "வெதை மேல தப்பில்லக்கா, டொலமைட்தான். நான்தான் பிழையாச் சொன்னேன். நீங்க நட்டு ஒரு மாசத்துலயே எனக்குத் தெரியும்" என்றேன். சத்தமாகவே வந்தது. சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். அக்காவுக்கு வாசிக்கச் சிரமம் என்பதால் நானே வாசித்தேன். தண்ணீர் பற்றிய வரியையும் விடவில்லை.

அக்கா கிழங்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "எங்க பீலி தோட்டத்துக்குப் பத்தடிதான் தங்கச்சி, ஊத்திருப்பேன். நீ பிழையாச் சொன்னத நான் பெருசா எடுக்கல. ஆனா தெரிஞ்சுக்கிட்டே எங்கூட ஒக்காந்து டீ குடிச்சிருக்கியே."

கீழே ஒரு பெயர்

அக்கா தோட்டத்தில் மறுபடி பேர் பதிந்தார். அதே கங்காணியிடம் போய் நின்றதாக ராசையா அண்ணன்தான் சொன்னார். முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தத் தாளைக் கழற்றி மேசைக் கண்ணாடிக்குக் கீழே, என் கண்ணுக்கு நேராக வைத்தார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, தோட்டத்தில் அந்திப் பெரட்டுக்குப் பேர் கொடுத்து முடித்து, கொழுந்துக் கறை படிந்த கையோடு அக்கா வந்தார். குத்தகை இன்னும் ஒரு போகத்துக்கு இருக்கிறது, சும்மா விட மனமில்லை, விடியலிலும் ஞாயிறிலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சிரிக்கவில்லை. தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை. "அந்த மண்ணுல இப்ப என்ன வரும்?" என்று மட்டும் கேட்டார். புளிப்புக் குறைந்த மண்ணில் முட்டைக்கோவா நன்றாக வரும், பீட்ரூட்டும் வரும், மேல் பாத்திகளில் இனி டொலமைட் ஒரு பிடிகூட வேண்டாம், கிழங்கு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். அடுத்து நின்றவர் தொண்டையைக் கனைத்தார். நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் மண்வெட்டியோடு வரட்டுமா என்று கேட்டேன். அக்கா பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "சொன்னதெல்லாம் இதுல எழுது. அடியில ஒன் பேரையும் போடு."

எங்கள் கடையில் எது மலிவு என்று இன்று யாராவது கேட்டால் மக்னீசியம் என்று சொல்லிவிடுவேன், எது விலை கூடினது என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது என்பேன், அதுவும் பெரும்பாலும் அடுத்தவர் செலவில்தான் கிடைக்கிறது.